ஒரு மாலை மட்டும் வந்து போன அந்நிய நிலையம்: தூரத்து எஃப்.எம். கேட்பது எப்படி?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது. எஃப்.எம். ரேடியோவில் வழக்கமாக வெறும் இரைச்சல் வரும் ஓர் அலைவரிசையில், ஒரு நாள் மாலை புரியாத மொழியில் ஒரு நிலையம் பக்கத்து ஊர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்டது. இருபது நிமிடத்தில் காணாமல் போனது. அதை மறுபடி பிடிக்க, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். இப்போது தூரத்து நிலையம் ஒன்றும் வரவில்லை. உள்ளூர் நிலையமே நாலைந்து இடங்களில் கேட்கிறது. ரேடியோவில் கோளாறா, எஃப்.எம். அவ்வளவு தூரம் வருமா, என்ன வாங்க வேண்டும் என்று கேட்கிறார்.

ரேடியோவில் கோளாறு இல்லை. நீங்கள் கேட்டது உண்மையான நிலையம்தான். அநேகமாக ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்திருக்கும். வாங்குவதைப் பற்றிப் பிறகு பேசலாம், பூஸ்டரை மட்டும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். தூரத்து நிலையத்தைப் பிடிப்பது பலவீனமான சிக்னலைப் பெருக்கும் வேலை என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அருகிலுள்ள வலுவான நிலையங்களை வழியிலிருந்து விலக்கும் வேலை. உள்ளூர் அலைவரிசைகளை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் தூரத்து நிலையம் அகப்படும்.

முதலில், அந்தச் சிக்னல் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம்.

எஃப்.எம். ஒலிபரப்பு உலகின் பெரும்பகுதியில் 87.5 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரை நடக்கிறது. சிற்றலையைப் போல இந்த அலைகள், வானில் மிக உயரத்தில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தில் பட்டு வழக்கமாகத் திரும்பி வருவதில்லை; நேராக விண்வெளிக்குப் போய்விடும். ஆகவே எட்டும் தூரத்தைத் தீர்மானிப்பது உயரம். டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவின் உயரத்தையும் உங்கள் ஆன்டெனாவின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலங்களையும் கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம், அதாவது சிக்னல் நேராக எட்டும் எல்லை, கிலோமீட்டரில் கிடைக்கும். கோபுரம் 150 மீட்டர், உங்கள் ஆன்டெனா 9 மீட்டர் என்றால் சுமார் 63 கிலோமீட்டர். காற்று மண்டலம் அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதும் அந்த 4.12-க்குள் அடங்கியிருக்கிறது. அடிவானத்தோடு சிக்னல் கத்தரித்தாற்போல் நின்றுவிடுவதும் இல்லை. காற்றிலுள்ள சிறு கலக்கங்கள் அலையைச் சிதறடிப்பதால் இருநூறு கிலோமீட்டர் தாண்டியும் ஒரு மெல்லிய கசிவு எப்போதும் இருக்கும். நல்ல ஆன்டெனா வைத்திருப்பவர்கள் அந்தக் கசிவைத் தினமும் கேட்கிறார்கள்.

அதற்கு மேல் போக இயற்கை உதவ வேண்டும். முக்கியமான வழிகள் இரண்டு. அவற்றைப் பிரித்தறியத் தெரிந்தால் அடுத்து எங்கே தேடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஒன்று, தரையை ஒட்டிய காற்று மண்டலத்தில் நடப்பது. சாதாரணமாக மேலே போகப் போக வெப்பம் குறையும். கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ். சில சமயம் இது தலைகீழாகும். குளிர்ந்த, ஈரமான காற்றின் மேல் வெதுவெதுப்பான, உலர்ந்த காற்று ஒரு படுகையாக வந்து அமரும். அந்த எல்லையில் காற்றின் ஒளிவிலகல் எண் (அலையை வளைக்கும் அளவு) சட்டென்று குறைவதால், தப்பிப் போக வேண்டிய அலை கீழே வளைந்து திரும்புகிறது. படுகை தடிப்பாகவும் நீளமாகவும் இருந்தால் அலை ஒரு குழாய்க்குள் மாட்டிக்கொண்டதுபோல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். உயர் அழுத்தம் நிலைத்திருக்கும் நாட்கள், காற்று அசையாத தெளிந்த இரவுகள், பனிமூட்டமான காலைகள் எல்லாம் இதற்கு ஏற்றவை. நிலத்தில் வெயில் ஏறியதும் கலைந்துவிடும். கடலின் மேல் நாள் முழுக்கவும் நீடிக்கும், சில இடங்களில் வாரக்கணக்கிலும். பாரசீக வளைகுடாவும் மத்தியதரைக் கடலும் இதற்குப் பேர்போனவை. கலிஃபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே, சுமார் 4,000 கிலோமீட்டர் தொலைவுக்கு, பொழுதுபோக்காகத் தாங்களே சிக்னல் அனுப்பிப் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் இந்த வழியில் பேசியிருக்கிறார்கள். வெப்பமண்டலக் கடற்கரையில் இருப்பவருக்கு இதுதான் முதல் வாய்ப்பு என்பேன்.

இரண்டாவது, ஸ்போராடிக் இ. தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தின் இ அடுக்கு இருக்கிறது. எரிந்துபோன விண்கற்கள் விட்டுச்சென்ற இரும்பு, மெக்னீசியம் போன்ற உலோக அயனிகள் அங்கே மிதக்கின்றன. மேலும் கீழும் வெவ்வேறு திசையில் வீசும் காற்றுகள் அவற்றை மெல்லிய, அடர்ந்த திட்டுகளாகக் குவிக்கும்போது, வழக்கமாகத் துளைத்துப் போகும் எஃப்.எம். அலைகூட அதில் பட்டுத் திரும்புகிறது. ஒரே தாவலில் 1,000 முதல் 2,200 கிலோமீட்டர் வரை சாதாரணம். நடு அட்சரேகைகளில் வடகோளத்துக்கு மே முதல் ஆகஸ்ட் வரையும், தென்கோளத்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையும் இது அதிகம். நாளில் முற்பகலும், பின்மாலையும் நல்ல நேரம். இரண்டு மூன்று தாவல்கள் சேர்ந்து வரும் அபூர்வ நாட்களும் உண்டு. 2003 ஜூன் 26 அன்று வட அயர்லாந்தில் இருந்த ஒரு பொழுதுபோக்கு நேயர், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து பாங்கர் நகர நிலையம் ஒன்றை 88.5-இல் கேட்டுப் பதிவு செய்தார். அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த எஃப்.எம்.! இதைப் படித்த பிறகு வெற்று இரைச்சலைக் கேட்கவே எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? காற்று மண்டலப் பரவல் மெதுவாக ஏறி, மணிக்கணக்கில் நின்று, மெதுவாக இறங்கும். முதலில் பலன் பெறுவது உயர்ந்த அதிர்வெண்கள். படுகை மெல்லியதாக இருக்கும்போது டி.ஏ.பி. டிஜிட்டல் வானொலியும் யு.எச்.எஃப். தொலைக்காட்சியும் முந்திக்கொண்டு வந்துவிடும், எஃப்.எம். பின்னால் வரும். ஸ்போராடிக் இ அப்படியே எதிர். கீழிருந்து மேலே ஏறும். முதலில் 50 மெகா ஹெர்ட்ஸில் அமெச்சூர்களுக்குத் திறக்கும், திட்டு அடர்த்தியாக ஆக 87.5-ஐத் தொடும், பிறகு 90, 95 என்று ஏறும், சில நாள் 108 வரை போகும். சிக்னல் திடீரென்று வரும், ஸ்டீரியோ விளக்கு எரியும் அளவுக்கு வலுவாக நிற்கும், அலையலையாக ஏறி இறங்கும், சட்டென்று போய்விடும். ஒரே அலைவரிசையில் இரண்டு நாட்டு நிலையங்கள் மாறி மாறிக் கேட்பதும் உண்டு. எஃப்.எம். ரிசீவர் வலுவான சிக்னலை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும் இயல்புடையது என்பதே அதற்குக் காரணம்.

உங்கள் இருபது நிமிடக் கதை ஸ்போராடிக் இ-க்குத்தான் பொருந்துகிறது.

சின்ன வழிகளும் இருக்கின்றன. விண்கல் எரியும்போது உண்டாகும் அயனித் தடத்தில் பட்டு அலை சில நொடிகள், சில சமயம் அரை நொடி மட்டும், வந்து போகும். ஆகஸ்ட் 12 வாக்கில் பெர்சீட் பொழிவு, டிசம்பர் 13, 14 வாக்கில் ஜெமினிட் பொழிவு. அந்த விடியற்காலைகளில் காலியான ஓர் அலைவரிசையில் ரேடியோவை நிறுத்திவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம், பாட்டின் ஒரு துண்டு பளிச்சென்று வந்து விழும். விமானத்தில் பட்டு வரும் சிக்னல் படபடவென்று துடிக்கும். பூமியின் காந்தப் புலத்துக்குரிய நடுக்கோட்டின் இரு புறமும் இருப்பவர்களுக்கு, சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், மார்ச், செப்டம்பர் ஒட்டிய மாலைகளில் நடுக்கோட்டைத் தாண்டி வரும் பரவல் ஒன்று உண்டு, எஃப்.எம். வரை அது எட்டுவது அரிது.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. காசு செலவில்லாத வேலைதான் முதல் வேலை: ஒரு முழு அலைவரிசைப் பட்டியல். விசேஷம் ஏதும் இல்லாத ஒரு நடுப்பகலில் 87.5-இல் தொடங்கி 0.1 மெகா ஹெர்ட்ஸ் இடைவெளியில் 108 வரை போங்கள். மொத்தம் 206 இடங்கள். ஒவ்வொன்றிலும் என்ன கேட்கிறது, எவ்வளவு வலு, ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினால் நன்றாக வருகிறது, பக்கத்து வலுவான நிலையத்தின் கசிவா அல்லது உண்மையிலேயே காலியா என்று எழுதுங்கள். இதையே ஒரு விடிகாலையிலும் ஒரு பின்னிரவிலும் திரும்பச் செய்யுங்கள். சலிப்பான வேலை, மறுக்கவில்லை. ஆனால் இதை முடித்தவருக்குத் தம் ரேடியோவில் எங்கெங்கே சன்னல் திறந்திருக்கிறது என்று தெரியும். 87.5-க்கும் 92-க்கும் நடுவே இரண்டு காலி இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டால் ஸ்போராடிக் இ வருவதை முதல் நிமிடத்திலேயே பிடிக்கலாம். அடிவானத்துக்குச் சற்று அப்பால், நூறு, நூற்றைம்பது கிலோமீட்டரில், எப்போதும் மங்கலாகக் கேட்கும் ஒரு நிலையத்தையும் தேர்ந்து வையுங்கள். அது ஒரு நாள் வழக்கத்தைவிடத் தெளிவாக வந்தால் காற்று மண்டலம் திறந்திருக்கிறது என்று பொருள். உடனே மற்ற இடங்களையும் தேடுங்கள்.

பட்டியலைப் பழையதாக விடாதீர்கள். 2017-இல் நார்வே தேசிய நிலையங்களின் எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தியது, சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 முடிவில் நிறுத்தியது. அப்படி ஒரு பக்கம் இடம் காலியாக, வேறு பல நாடுகளில் புதிய நிலையங்கள் நெருக்கியடித்து வருகின்றன.

இப்போது பூஸ்டர். உள்ளூர் நிலையங்களின் சிக்னல் தூரத்து நிலையத்தைவிட ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான மடங்கு வலுவானது. பூஸ்டர் இரண்டையும் சேர்த்தே பெருக்குகிறது. வலுவான இரண்டு நிலையங்கள் ரிசீவரின் முன்பகுதியைத் திணறடிக்கும்போது, அவை ஒன்றோடொன்று கலந்து இல்லாத நிலையங்களை உருவாக்கும். கணக்கு எளிது: ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழியுங்கள். 98.3, 101.4 இரண்டும் வலுவாக இருந்தால் 95.2-இலும் 104.5-இலும் போலி நிலையங்கள் முளைக்கும். நீங்கள் நாலைந்து இடங்களில் கேட்பது இவையாகத்தான் இருக்க வேண்டும். உறுதி செய்ய, ஆன்டெனா வயரில் 10 டெசிபல் குறைப்பான் (சிக்னலின் வலுவைப் பத்தில் ஒன்றாக்கும் சிறு கருவி) ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். உண்மையான நிலையம் 10 டெசிபல்தான் குறையும். இந்த வகைப் போலி 30 டெசிபல் குறைந்து அடியோடு மறைந்துவிடும். பூஸ்டருக்கு ஒரே ஓர் இடத்தில் வேலை இருக்கிறது: ஆன்டெனா உயரத்திலும் ரிசீவர் வெகு கீழேயும் இருந்து, நீண்ட கேபிளில் சிக்னல் இழப்பாகிறது என்றால் ஆன்டெனாவின் காலடியில் வைக்கலாம். அதுவும் அருகில் வலுவான நிலையங்கள் இல்லாதபோது மட்டும்.

மலிவான ரேடியோக்களில் இன்னொரு போலி உண்டு. உள்ளே அலை 10.7 மெகா ஹெர்ட்ஸுக்கு மாற்றப்படுவதால், ட்யூன் செய்த இடத்திலிருந்து 21.4 மெகா ஹெர்ட்ஸ் தள்ளி இருப்பதும் நுழைந்துவிடலாம். 98-க்கு மேல் எங்கோ விமானிகளின் பேச்சு கேட்டால் அது 119-க்கு மேல் உள்ள விமானப் பட்டையின் நிழல்.

ரிசீவர் வாங்கும்போது எவ்வளவு மெல்லிய சிக்னலைப் பிடிக்கும் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். இன்றைய ரேடியோக்களில் பெரும்பாலானவை அதில் தேறிவிடும். பிரித்தெடுக்கும் திறன்தான் கேள்வி. உரத்த நிலையம் 100.0-இல் இருக்க, 100.1-இல் உள்ள மெல்லிய ஒன்றைக் கேட்க முடிகிறதா? எஃப்.எம். சிக்னல் மேலும் கீழும் 75 கிலோ ஹெர்ட்ஸ் அலைவதால், மோனோவுக்கே சுமார் 180 கிலோ ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். எவ்வளவு அகலத்தை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் ரிசீவரின் வடிகட்டியை 100 கிலோ ஹெர்ட்ஸுக்கு அருகே குறுக்கினால் ஒலி கொஞ்சம் கரகரக்கும், ஆனால் பக்கத்து நிலையம் வெட்டுப்பட்டுத் தூரத்து நிலையம் தலைகாட்டும். கார் ரேடியோக்களுக்காகச் செய்யப்பட்ட டி.இ.எஃப். 6686 என்ற சிப்பைக் கொண்ட சிறு ரிசீவர்கள் தூரத்து நிலையங்களைத் தேடுபவர்களிடையே இவ்வளவு பிரபலமானதற்கு, வடிகட்டியை 56 கிலோ ஹெர்ட்ஸ் வரை குறுக்க முடிவதே காரணம். காலம் தாழ்த்தாமல் நல்ல கருவி வேண்டும் என்றால் என் பரிந்துரை அதுதான். காரில் நிறுவனமே பொருத்திய ரேடியோ இருந்தால் அதையும் குறைத்து எடைபோடாதீர்கள். ஒரு மேட்டில் நிறுத்திவிட்டுத் தேடிப் பாருங்கள்.

கணினியில் செருகும் ஆர்.டி.எல். வகை எஸ்.டி.ஆர். ரிசீவர் (ரேடியோவின் வேலையில் பெரும்பகுதியைக் கணினி மென்பொருளே செய்வது) வேறு விதத்தில் பயனுள்ளது. ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகா ஹெர்ட்ஸ் அகலத்தைத் திரையில் காட்டும், அப்படியே பதிவும் செய்யும். ஆறஅமரப் பிறகு ஒவ்வொரு நிலையமாகக் கேட்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 17 ஜிகாபைட் பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். சிக்னலை எண்களாக மாற்றும் அதன் எட்டு பிட் மாற்றி உள்ளூர் நிலையங்களிடம் எளிதில் திணறிவிடும் என்பதால், நகர நடுவில் இருப்பவருக்கு முதல் கருவியாக நான் சொல்ல மாட்டேன்.

எந்த ரேடியோவானாலும் மெல்லிய நிலையத்துக்கு ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் கேளுங்கள். இடது, வலது ஒலிகளின் வித்தியாசத்தைச் சுமக்கும் ஸ்டீரியோ சிக்னல் 23 முதல் 53 கிலோ ஹெர்ட்ஸ் வரை ஏறி உட்கார்ந்திருக்கிறது, எஃப்.எம்.-இல் இரைச்சல் மேலே போகப் போக அதிகம். மோனோவுக்கு மாறினால் இருபது டெசிபல் அளவுக்கு நிம்மதி.

ஆன்டெனாவில்தான் உண்மையான லாபம் இருக்கிறது. எளியது அரை அலை டைபோல், அதாவது அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி நீளமுள்ள இரு கை ஆன்டெனா. 98 மெகா ஹெர்ட்ஸுக்கு மொத்தம் 1.45 மீட்டர், அதாவது ஒவ்வொரு கையும் 72 சென்டிமீட்டர் சொச்சம். இரண்டு அலுமினியக் குழாய், நடுவில் 75 ஓம் கோ-ஆக்ஸியல் கேபிள், போதும். கூரைக்கு மேலே, மின்கம்பிகளிலிருந்து விலகி வையுங்கள்; இடி மின்னல் வரும் முன்பே கேபிளைக் கழற்றிவிடுங்கள். கிடையாக வைத்த டைபோல் தன் இரு முனைகளின் திசையில் கிட்டத்தட்டச் செவிடு. இதைக் குறையாகப் பார்க்காதீர்கள், இதுதான் உங்கள் ஆயுதம். தொல்லை தரும் உள்ளூர் கோபுரத்தை நோக்கி முனை இருக்கும்படி திருப்புங்கள். அந்த நிலையம் தேய்ந்து, அதே அலைவரிசையில் அடியில் கிடந்த ஒன்று மேலே வரும். பல குறுக்குக் கம்பிகள் வரிசையாக உள்ள யாகி ஆன்டெனாவும் இப்படித்தான். முன்னால் கூடுதலாக இழுப்பதைவிட, பின்னால் இருப்பதை மறைப்பதே அதில் எனக்குப் பிடித்த குணம். கோபுரங்கள் சில கிடையாகவும் சில செங்குத்தாகவும் சில கலந்தும் ஒலிபரப்புவதால், ஆன்டெனாவை நிமிர்த்தியும் ஒருமுறை முயன்று பாருங்கள். கூரை வசதி இல்லாதவர் ரேடியோவிலேயே உள்ள, இழுத்து நீட்டும் கம்பியைச் சுமார் 75 சென்டிமீட்டருக்கு இழுத்து, சன்னலோரம் நின்று, கையாலேயே திசையைத் தேடலாம். எல்.இ.டி. விளக்குகளும் செல்போன் சார்ஜர்களும் கொட்டும் இரைச்சலை அறிய, பேட்டரி ரேடியோவோடு வீட்டைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

கடைசியாக, வந்த நிலையம் எது என்று கண்டுபிடிப்பது. முதலில் பதிவு பொத்தானை அழுத்துங்கள், பிறகு யோசியுங்கள். ஆர்.டி.எஸ். (நிலையம் ஒலியோடு சேர்த்து அனுப்பும் எழுத்துத் தகவல்) காட்டும் ரிசீவர் இருந்தால் நிலையத்தின் பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம். பெயரின் எட்டு எழுத்துகள் நான்கு தொகுதிகளாக வருகின்றன, ஆனால் நிலையத்தின் அடையாள எண்ணான நான்கு இலக்க பி.ஐ. குறியீடு ஒவ்வொரு தொகுதியிலும், அதாவது நொடிக்குப் பதினொரு முறைக்கு மேல், வருகிறது. விண்கல் தரும் அரை நொடியில்கூட அது கிடைத்துவிடலாம். அந்தக் குறியீட்டையும் அலைவரிசையையும் எஃப்.எம்.லிஸ்ட் போன்ற தரவுத்தளத்தில் போட்டால் விடை பெரும்பாலும் ஒன்றிரண்டுக்குள் வந்து நிற்கும். ஆர்.டி.எஸ். இல்லை என்றால் மொழி, மணிக்கு மணி வரும் நிலைய அறிவிப்பு, விளம்பரத்தில் சொல்லும் ஊர்ப்பெயர் ஆகியவற்றைக் கவனியுங்கள். சந்தேக நிலையத்தின் இணைய ஒலிபரப்பைத் திறந்து ஒப்பிடுங்கள். அது சில நொடி முதல் ஒரு நிமிடத்துக்கு மேலும் தாமதித்து வரும், அதனால் உடனே பொருந்தவில்லை என்று மூடிவிட வேண்டாம்.

உறுதியானதும் நிலையத்துக்கு எழுதுங்கள். தேதி, உலகப் பொது நேரம், அலைவரிசை, நீங்கள் கேட்ட நிகழ்ச்சியின் இரண்டு மூன்று விவரங்கள், உங்கள் ஆன்டெனாவும் ரிசீவரும், ஒரு நிமிட ஒலிப்பதிவு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பினால் போதும். அறிவிப்பாளருக்கு என்று இல்லாமல் பொறியாளர் பிரிவுக்கு அனுப்புங்கள்; தங்கள் கோபுரம் இவ்வளவு தூரம் கேட்டது என்பதில் அதிகம் மகிழ்பவர்கள் அவர்கள்தான், பதிலும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது.